பன்றி யார் பெயரில் இருக்கிறது?

அன்புள்ள செந்தில்,

கம்பெனிக்காக நீ வளர்க்கும் கோழிக்கு இந்த பேட்ச்சுக்கும் வளர்ப்புக் கூலியை ஏற்றித் தரவில்லை என்று எழுதியிருந்தாய், படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதோடு, கொரோனா சமயத்தில் இங்கே அமெரிக்காவில் அரசாங்கம் விவசாயிக்கு அள்ளிக் கொடுத்ததாமே என்றும் கேட்டிருக்கிறாய். கொடுத்தது உண்மைதான். ஆனால் உன்னைப் போல வளர்ப்பவனுக்கு என்ன கிடைத்தது என்று கேள்.

நான் இருக்கும் நோபிள்ஸ் கவுண்டி மினசோட்டாவின் தென்மேற்கு மூலை. மக்காச்சோளம், சோயா, பன்றி, இவைதான் பிழைப்பு. 2020 ஏப்ரல் 20 அன்று வொர்திங்டனில் இருக்கும் பெரிய இறைச்சி ஆலை மூடப்பட்டது, வேலையாட்களுக்கு நோய் பரவிவிட்டது. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 பன்றிகள் போகிற இடம். நாற்பது நாளில் கோழியை லாரி ஏற்றாவிட்டால் உன் ஷெட் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இங்கே ஆறு மாதப் பன்றி, எடை ஏற ஏற ஆலைக்கு ஆகாது, பின்னால் அடுத்த குட்டிகளுக்கு இடம் வேண்டும். கடைசியில் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள், மரத்துண்டுகளோடு சேர்த்து அரைத்து மக்க வைத்தார்கள். பிறந்ததிலிருந்து பன்றி வளர்த்த ஆட்கள் அதைச் சொல்லும்போது நம் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள்.

அப்புறம் நிவாரணம் வந்தது. வேளாண் துறை விவசாயிகளுக்கு நேரடியாகக் கொடுக்க 1,600 கோடி டாலர் அறிவித்து, மே 26 முதல் மனு வாங்கியது. ஏப்ரல் 16 முதல் மே 14 வரைக்குள் எந்த நாளில் அதிகப் பன்றி இருந்ததோ அந்த எண்ணிக்கைக்குத் தலைக்கு 17 டாலர். 2,400 பன்றி நிற்கும் ஷெட்டுக்குக் கணக்குப் போட்டால் 40,800 டாலர். ஆனால் பன்றி யாருடையதோ அவருக்குத்தான் பணம். கடன் வாங்கி ஷெட் கட்டி, கரண்ட் பில் கட்டி, ராத்திரியில் எழுந்து போய்ப் பார்க்கிறவருக்கு இல்லை, ஏனென்றால் குட்டியும் தீவனமும் கம்பெனியுடையது. நான் வேலை பார்க்கும் வரிக் கணக்கு அலுவலகத்துக்கு வந்த ஒருவரின் ஷெட் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது, பேங்க் தவணை மட்டும் நிற்கவில்லை. அவரிடம் "உங்களுக்கு இல்லை" என்று சொன்னவன் நான்தான். அதே வருஷம் இரண்டாவது சுற்றில் மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்குக் குறைந்தது 15 டாலர் கொடுத்தார்கள், அப்போது அதன் விலை ஏறிக்கொண்டிருந்தது! எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

2020 டிசம்பரில் வந்த சட்டத்தில்தான் ஒப்பந்த வளர்ப்பாளர்களுக்கென்று 100 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். வருமான இழப்பில் அதிகபட்சம் 80 சதவீதம். மனு வாங்கி முடிக்கும்போது 2021 அக்டோபர் ஆகிவிட்டது. நான் சொன்ன அந்த ஷெட்காரருக்கு அது கிடைத்ததற்குக் காரணம், முந்தைய வருமானத்தைக் காட்ட 2019இல் வாங்கிய கூலிச் சீட்டு ஒவ்வொன்றையும் அவர் மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்ததுதான்.

நீயும் எடைச் சீட்டு, குஞ்சு இறக்கிய தேதி, கூலி வரவு எதையும் தூக்கிப் போடாதே. தங்கச்சியிடம் சொல்லிவை, அவள்தான் பத்திரமாக வைப்பாள். அப்புறம் உன் ஒப்பந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஷெட் காலியாகக் கிடந்தால் யார் பொறுப்பு என்று அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன்,
முருகேசன்