பதினோரு மணிக்குள் ஆடி முடிக்க முடியாதவனின் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

பொருள்: சீசன் பாஸுக்கு (ஒரு சீசன் முழுக்க ஆடி, நிலை நிலையாக ஏறிப் பரிசு வாங்கும் கட்டணச் சீட்டுக்கு) கட்டிய 19 சிங்கப்பூர் வெள்ளி 62 காசும், அதைவிட முக்கியமாக உங்கள் கேமின் புது அப்டேட்டும்

வணக்கம். இதே விஷயமாக ஏற்கெனவே மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரே பதில், அதுவும் நான் அனுப்பி ஒரு நிமிடம் ஆவதற்குள். யாரும் படித்திருக்க வாய்ப்பே இல்லை. உங்கள் உதவிப் பக்கத்தில் விரும்பிய மொழியில் எழுதலாம் என்று போட்டிருக்கிறீர்கள், சிங்கப்பூரில் தமிழும் அதிகாரத்துவ மொழி, அதனால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் தேடும்போதாவது ஒரு மனிதர் கண்ணில் படாதா என்ற நப்பாசைதான்.

உங்கள் கேமை நான்கு வருடமாக ஆடுகிறேன். உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், 12 மணி நேர ஷிஃப்ட். பகல் ஷிஃப்ட் வாரத்தில் வீடு வந்துசேர எட்டரை ஆகிவிடும், குளித்து, சாப்பிட்டு, மகளுக்குக் கதை சொல்லித் தூங்கவைத்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது மணி பத்து. பதினொன்றரைக்குப் படுத்தால்தான் காலையில் ஐந்தரைக்கு எழ முடியும். எனக்கென்று ஒரு நாளில் மிஞ்சுவது அந்த ஒன்றரை மணி நேரம்.

போன அப்டேட்டில் தினசரி டாஸ்க்கை, அதாவது பாஸில் நிலை ஏற அன்றன்று முடிக்க வேண்டிய வேலையை, ஒன்றிலிருந்து மூன்றாக்கினீர்கள். ஒரு டாஸ்க்குக்கு ஒரு மேட்ச், மேட்ச் இருபது நிமிடம், ஆள் சேரக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அன்றைக்கு முடிக்காத டாஸ்க் மறுநாளில் சேராது, போனது போனதுதான். அந்த மறுநாள் எங்களுக்கு எப்போது பிறக்கிறது என்று அங்கே யாராவது யோசித்தீர்களா? அமெரிக்க மேற்குக் கரையில் காலை எட்டு மணிக்கு நாளை மாற்றுகிறீர்கள். இங்கே அப்போது இரவு பதினொன்று. நவம்பரில் உங்கள் ஊரில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் எங்களுக்கு அது நள்ளிரவு 12 ஆகிறது, மார்ச்சில் மறுபடியும் 11. இங்கே கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. ஆக வருடத்தில் நான்கு மாதம் நான் உங்கள் கணக்கில் ஒழுங்கான ஆட்டக்காரன், மீதி எட்டு மாதம் சோம்பேறி.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு டாஸ்க் முடித்துவிட்டு மூன்றாவது மேட்ச்சை 10.41-க்குத் தொடங்கினேன். ஜெயிக்கிற ஆட்டம்தான், ஆனால் எதிரணி விடாமல் இழுத்தார்கள் (அது அவர்கள் உரிமை, குறை சொல்லவில்லை), முடிந்தபோது 11.03. திரையில் பெரிதாக 'வெற்றி' என்று வந்தது, அதன் கீழே டாஸ்க் கட்டத்தில் 0/3. முடிந்தது இன்று என்பதால் நேற்றைக்குச் சேராது, தொடங்கியது நேற்று என்பதால் இன்றைக்கும் சேராதாம். அந்த இருபத்திரண்டு நிமிடம் எந்த நாளில் போய் விழுந்தது என்று உங்கள் இன்ஜினியர் யாராவது விளக்கினால் தெரிந்துகொள்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. ஜூலையில் எனக்கு ரிசர்விஸ்ட் (தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்தவர்களை மறுபடி கூப்பிடும் பயிற்சி) வந்தது, பதினோரு நாள், அதில் ஐந்து நாள் காட்டுக்குள். இங்கே என் வயது ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு இது வருடாவருடம் வருவதுதான், கேமுக்காகத் தள்ளிப்போட முடியாது. திரும்பி வந்து லாகின் பண்ணினால் 38 நாள் தொடர் வருகை பூஜ்யமாகிக் கிடக்கிறது. பாஸில் கடைசி இருபது நிலைக்கு இனி எப்படிக் கணக்குப் போட்டாலும் நாள் போதாது. பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில் ஒரு பொத்தான்: விட்டுப்போன நிலைகளைக் காசு கொடுத்து வாங்கலாம். ஏற்கெனவே 18 வெள்ளியும் அதற்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கட்டி வாங்கிய பாஸ் அது.

கேமை எளிதாக்குங்கள் என்று நான் கேட்பதாக நினைத்துவிடாதீர்கள். 2008-இல், பதினேழு வயதில், யீஷூனில் ஒரு லேன் கடையில் (காசு கட்டி கம்ப்யூட்டர் கேம் ஆடும் கடை) உட்கார்ந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் 25 பேர் சேர்ந்து பெரிய அரக்கனை வீழ்த்தும் ரெய்டு ஆடியவன் நான். ஒரே அரக்கனிடம் மூன்று வாரம் தோற்று, நான்காவது வாரம் அவன் விழுந்தபோது கடைக்காரர் வந்து சத்தம் போடும் அளவுக்குக் கத்தியிருக்கிறோம். கஷ்டமாக இருந்ததால்தான் அது இன்னும் நினைவிருக்கிறது. அப்போது நான் ஹார்ட்கோர் (முழு மூச்சாக ஆடுகிறவன்), இப்போது கேஷுவல் (நேரம் கிடைத்தால் ஆடுகிறவன்). கை அதே கைதான், நேரம்தான் குறைந்துவிட்டது. உங்கள் டிசைனர்கள் நேரத்தையும் திறமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். என் புகாரே இதுதான்.

அந்த கேமிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2004-இல் வெளிவருவதற்கு முந்தைய சோதனைக் காலத்தில், தொடர்ந்து நெடுநேரம் ஆடினால் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்துப் பார்த்தார்கள். ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம் அதையே திருப்பிப் போட்டார்கள்: ஆடாமல் இருந்த நேரத்துக்கு ஓய்வுப் புள்ளி சேரும், திரும்பி வந்ததும் கொஞ்ச நேரம் அரக்கர்களைக் கொன்றால் இரட்டிப்பாகக் கிடைக்கும். எண்கள் ஏறக்குறைய அதேதான், கோபம் மட்டும் போய்விட்டது. முழுநேரமும் ஆடுகிறவனிடமிருந்து எதையும் பிடுங்காமல் வேலைக்குப் போய் வருகிறவனையும் வைத்துக்கொள்ள முடியும் என்று இருபது வருடத்துக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிய பிறகு, நீங்கள் வராத நாளுக்கு அபராதம் போடுகிறீர்கள்.

சரி, ஹார்ட்கோர் ஆட்கள் உங்கள் அப்டேட்டால் சந்தோஷமாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. என் மச்சினன் எங்களோடுதான் இருக்கிறான், பலதுறைத் தொழிற்கல்லூரி கடைசி வருடம், நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் ஆடுவான். போன சீசனில் தரவரிசையில் முதல் 500 பேருக்கு மட்டும் என்று, கேம் பாத்திரத்துக்கு மாட்ட ஒரு கழுகு இறக்கை கொடுத்தீர்கள். அதற்காக மூன்று மாதம் பாடுபட்டு, 460-ஆம் இடத்தில் முடித்து வாங்கினான். வீட்டில் அம்மா, அக்கா, என் மகள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். ஐந்து வாரம் கழித்து அதே இறக்கையை, சிவப்புக்குப் பதில் நீலத்தில், கேமுக்குள் இருக்கும் கடையில் 28 வெள்ளிக்குப் போட்டீர்கள். பையன் ஒன்றும் பேசவில்லை. திரையை அணைத்துவிட்டு, "மாமா, கீழே போய் ஒரு தே ஓ பெங் குடிச்சிட்டு வருவோமா" என்றான். காப்பிக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், கேமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வருடம் அவனும் தேசிய சேவைக்குப் போகிறான், இரண்டு வருடம். ஒரே ராத்திரியில் அவனும் கேஷுவல் ஆகிவிடுவான், அந்த இறக்கை மட்டும்தான் அவன் ஒரு காலத்தில் யார் என்பதற்குச் சாட்சி, அதையும் விலைக்கு விட்டுவிட்டீர்கள்.

"எங்கள் நிலைமை மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி" என்று நீங்கள் சொல்லலாம். இடி வாங்குவது என்னவோ நாங்கள்தான், மத்தளக் கச்சேரியின் வசூல் உங்களுக்கு.

இன்னொன்று, மேட்ச்சுக்கு ஆள் சேர்க்கும் வரிசை. சாதா மேட்ச்சையும், தரவரிசைப் புள்ளிக்காக ஆடும் ரேங்க் மேட்ச்சையும் தென்கிழக்காசிய சர்வரில் இரவு நேரத்தில் ஒன்றாக்கிவிட்டீர்கள். ஆள் குறைவு, பிரித்து வைத்தால் காத்திருக்கும் நேரம் கூடும், புரிகிறது. ஆனால் ரிசர்விஸ்ட் முடிந்து வந்த அன்றே என்னைப் போன மாத ரேட்டிங்கோடு (திறமை மதிப்பெண்ணோடு) மேல்தட்டு ஆட்டக்காரர்கள் மத்தியில் தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? நான் நொண்டினேன், என்னோடு சேர்ந்த நான்கு பேருக்கும் புள்ளி இறங்கியது, அதில் ஒருவர் என் அம்மாவை இழுத்து எழுதினார். அவர் எழுதியது தப்பு, ஆனால் கோபத்தில் நியாயம் இருந்தது. சதுரங்கத்துக்கு மார்க் கிளிக்மன் 1995-இல் உருவாக்கிய கிளிக்கோ முறையிலேயே, ஒருவர் ஆடாமல் இருக்க இருக்க அவருடைய ரேட்டிங்கின் மீதான நிச்சயம் குறைந்துகொண்டே போகும், திரும்பி வந்து சில ஆட்டம் ஆடிய பிறகுதான் அது இறுகும். அதைப் பார்த்து முதல் நான்கைந்து மேட்ச்சுக்குப் புள்ளி இல்லாமல் விட்டிருந்தால் நானும் தப்பித்திருப்பேன், அந்த நால்வரும் தப்பித்திருப்பார்கள். நீங்கள் என்ன முறை வைத்திருக்கிறீர்களோ, ஆள் பதினோரு நாள் காணாமல் போனதுகூட அதற்குத் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாஸுக்குக் கட்டிய 19 வெள்ளி 62 காசைத் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் விட்டுப்போன பதினோரு நாளையும் என் கணக்கில் சேருங்கள், இரண்டில் எது உங்களுக்கு வசதியோ அது. தினசரி டாஸ்க்கை வாரக் கணக்காக்குங்கள், திங்கள் முதல் ஞாயிறுவரை 21 டாஸ்க், என்றைக்கு வேண்டுமானாலும் முடிக்கலாம் என்று. என் மச்சினன் ஒரே நாளில் முடித்துவிட்டு ரேங்க் ஆடப் போவான், நான் ஓய்வு நாளில் மொத்தமாக உட்காருவேன், உங்களுக்கு ஒரு காசு நஷ்டம் கிடையாது. நாள் மாறும் நேரத்தை அந்தந்த வட்டாரத்தின் விடியற்காலைக்கு மாற்றுங்கள். அப்புறம் அந்த நீல இறக்கையைக் கடையிலிருந்து எடுங்கள். வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளட்டும், இனி விற்காதீர்கள்.

இருபது வெள்ளிக்காகப் பயனீட்டாளர் சங்கத்துக்கு ஓடும் ஆள் நானில்லை, அதனால் மிரட்டல் எதுவும் இதில் இல்லை. அடுத்த சீசன் பாஸை நான் வாங்கவில்லை, எங்கள் கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) ஒன்பது பேரில் ஆறு பேர் வாங்கவில்லை, அந்தக் கணக்கை உங்கள் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தயவுசெய்து இந்த முறை ஆள் பார்த்துப் பதில் எழுதுங்கள். இந்த வாரம் எனக்கு இரவு ஷிஃப்ட், பகலில் தூங்குவேன், மாலை ஐந்துக்கு மேல்தான் மின்னஞ்சல் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நான்கு சீசன் பாஸ் வாங்கிய ஒரு வாடிக்கையாளர்,
சிங்கப்பூர்

பி.கு.: ரசீதின் படமும், அந்த 0/3 திரையின் படமும் இணைத்திருக்கிறேன். கடிகாரம் வலது மூலையில் தெரியும், 11.03.