ஃபேடரை 7-இல் வையுங்கள்: திரையரங்க உரிமையாளர்களுக்கு ஒலிக்கலவையாளர்களின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரையரங்க உரிமையாளர்களுக்கு வணக்கம்.

"பாட்டு காதைக் கிழிக்குது, வசனம் ஒண்ணும் புரியல." இந்தப் புகாரில் பாதி எங்கள் மிக்ஸிங் மேசையில் பிறக்கிறது, மீதி உங்கள் புரொஜெக்டர் அறையில்.

மிக்ஸிங் தியேட்டரில், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல் நிற்கும். அங்கே மைனஸ் 20 டெசிபல் பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) கொடுத்தால், திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனியாக 85 டெசிபல் தர வேண்டும். ஒரு முணுமுணுப்பு எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அந்த அளவை நம்பித்தான் முடிவு செய்கிறோம். உங்கள் அரங்கில் யாரோ ஒருவர் சத்தம் அதிகம் என்றதும் ஆபரேட்டர் 5-க்கு இறக்குகிறார். அரங்கின் ஒலியைக் கையாளும் டால்பி புராசஸரில் ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 3.3 டெசிபல், இரண்டு எண்ணுக்கு 7 டெசிபல் போச்சு. சண்டைக்காட்சி அப்போதும் கேட்கும். மெல்லப் பேசிய வசனம் ஏசி இரைச்சலில் அமுங்கிவிடும். 4-க்குக் கீழே இறக்கினால் அரை எண்ணுக்கே 10 டெசிபல் சரியும்.

"எப்படியும் குறைப்பாங்க, கூட்டி வைங்க" என்று தயாரிப்பாளர் சொல்ல, நாங்களும் கூட்டுகிறோம். அது எங்கள் தவறு. அதைக் கேட்டு நீங்கள் இன்னும் குறைக்கிறீர்கள்.

பெரும்பாலும் புகாரைக் கிளப்புவது படமல்ல, அதற்கு முன் ஓடும் விளம்பரங்கள். விளம்பரத்துக்கு 5, படத்துக்கு 7 என்று ப்ளேலிஸ்டில் தனித்தனியாகக் கியூ (ஃபேடரைத் தானாக மாற்றும் கட்டளை) வையுங்கள். இடைவேளை விளம்பரம் முடிந்ததும் மறுபடி 7-க்கு ஏற்றும் கியூ கட்டாயம் வேண்டும். அது விடுபட்டால் இரண்டாம் பாதி முழுக்க 5-இலேயே ஓடும்.

அடுத்தது நடு ஸ்பீக்கர். வசனம் ஏறக்குறைய முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. அதில் உச்ச ஒலிகளைத் தரும் ஹார்ன் டிரைவர் பழுதானாலும் தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபர் ஒலித்துக்கொண்டே இருக்கும், இசையும் இடம் வலமாகத் தெளிவாக வரும். அதனால் குறை சட்டென்று பிடிபடாது. ஆனால் கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். ஆளைப் பார்த்துப் பேசுகிற மாதிரி தெளிவாகப் பதிவான குரல்கூட இங்கே வீணாகிவிடும்.

காலைக் காட்சிக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அரங்கில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் பின்னே, ஒலி அளக்கும் மீட்டரை 'சி', 'ஸ்லோ' என்ற அமைப்பில் வைத்து நில்லுங்கள். ஸ்பீக்கர் ஸ்பீக்கராக பிங்க் நாய்ஸ் போடச் சொல்லுங்கள். 5.1 அரங்கில் திரைக்குப் பின்னால் தலா 85, அரங்கின் சுவர்களில் உள்ள இடது சரவுண்டுக்கும் வலது சரவுண்டுக்கும் தலா 82 வர வேண்டும். மீட்டரோடு காதையும் நம்புங்கள். இடது, வலது இரண்டும் சுத்தமாக இரைய, நடு மட்டும் சாத்திய கதவுக்கு வெளியே பெய்யும் மழைபோல மங்கிக் கேட்டால் டிரைவரைப் பாருங்கள். அதற்கு முன் ஆம்ப்ளிஃபயரையும் ஒயர் இணைப்பையும் பார்த்துவிடுங்கள். டிரைவர் சரியாக இருந்தால் திரையின் துளைகளைப் பாருங்கள். தூசியோ, திரைக்கு அடித்த பெயிண்டோ அடைத்திருக்கும். ஈக்வலைசரில் ட்ரெபிளை ஏற்றிச் சமாளிக்கவே வேண்டாம். உயிரோடிருக்கிற டிரைவரும் எரிந்துபோகும்.

இத்தனையும் சரிபார்த்து 7-இல் ஓட்டியும் ஒரு படம் காதைக் குத்தினால், எந்த நிமிடத்தில் என்று குறித்து அந்தப் படத்தின் ஒலிக்கலவையாளருக்கு அனுப்புங்கள். அது எங்கள் வேலையில் உள்ள பிழை, நாங்கள்தான் திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
திரைப்பட ஒலிக்கலவையாளர்கள்