டிஸ்கஸ் குஞ்சுகளும் புதுத் தொட்டியும்

ஆசிரியருக்கு,

சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் டிஸ்கஸ் என்னும் தட்டையான வண்ணமீனின் குஞ்சு வாங்குவோர் பலர் தொட்டியையும் அன்றே வாங்குகிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் (பஞ்சு வடிகட்டி) சில வாரம் ஓடி, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில் வளர்ந்து, நீர்ச் சோதனையில் கழிவு நஞ்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் வர வேண்டும். வெப்பம் 29 டிகிரி. மணல் வேண்டாம், அழுகும் மிச்சத் தீனி அதில் ஒளிந்துகொள்ளும். குறைந்தது 6 குஞ்சுகள் இருக்கட்டும். 2, 3 என்றால் வலுத்தது மற்றதைத் தின்னவிடாது.

மீன் வந்த பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. அன்று விளக்கும் தீனியும் வேண்டாம். முதலிரு நாள் கறுத்து மூலையில் ஒதுங்குவது சகஜம். அதற்குப் பயந்து கடைக்காரர் தரும் மருந்தையெல்லாம் ஊற்றுவதுதான் பெரிய கேடு. எச்சம் வெள்ளை நூலாகத் தொங்கி, தீனியையும் மறுத்தால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கி, அதே வெப்பத்தில் மாற்றுங்கள்.

– ஒரு வாசகர், சென்னை