பன்னிரண்டு மணிக்குப் பிறகு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. கடையை அடைத்துவிட்டு வந்து எழுதலாம் என்று ஒவ்வொரு இரவும் நினைப்பேன். சப்பாத்தைக் கழற்றும்போதே கண் சொருகிவிடும். மகன் வீடு வாங்கிய செய்தி மிகுந்த சந்தோஷம். கடன் எத்தனை வருடம் என்று மட்டும் எழுதவில்லை. ஊரில் ஒருவருக்கும் சொல்லமாட்டேன், எழுது.

சிட்னியில் 2014இல் வந்த இரவுச் சட்டத்தால் உன் சனிக்கிழமை டாக்ஸி ஓட்டம் படுத்துவிட்டது என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் குமுறியிருக்கிறாய். இரவு ஒன்றரை மணிக்கு மேல் மதுச்சாலைகளுக்குள் புதிதாக யாரையும் விடக்கூடாது, மூன்று மணிக்குக் கடைசிக் கோப்பை. வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் உங்கள் இரவுக் கேளிக்கைப் பகுதியான கிங்ஸ் குரோஸில் 18 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்றரை வருட இடைவெளியில், ஆளுக்கு ஒரே குத்தில் விழுந்து செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு எந்த அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்? உங்கள் மாநிலக் குற்றப் புள்ளிவிபரப் பணியகம் 2017இல் வெளியிட்ட கணக்கை நானும் படித்தேன். கிங்ஸ் குரோஸில் தாக்குதல்கள் 49 வீதம் குறைந்தன. இலகுவாகப் போய்ச் சேரக்கூடிய வேறு இரவுக் கேளிக்கை இடங்களில் 17 வீதம் கூடின. ஒரு பங்கு அடிதடி உன்னுடைய டாக்ஸியிலேயே ஏறி இடம் மாறியிருக்கும் போல!

இங்கே இங்கிலாந்தில் வேறு வழி பிடித்தார்கள். நேரத்தைப் பூட்டாமல், பணத்தைக் கேட்டார்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் மது விற்க அனுமதி உள்ளவரிடம் உள்ளூராட்சி சபை வருடாந்தம் ஒரு பின்னிரவு வரி வாங்கலாம். அதில் குறைந்தது 70 வீதம் பொலிசுக்கு, மிச்சம் சபைக்கு. நியூகாசில் 2013இல் முதலில் தொடங்கியது. சில வருடங்களில் எங்கள் பகுதிக்கும் வந்துவிட்டது. கடையின் வாடகைப் பெறுமதியை வைத்து 299 பவுணிலிருந்து 4,440 பவுண் வரை. எனக்கு விழுந்தது 768.

தொகைக்காக நான் கோபப்படவில்லை. எங்கள் சபையின் எல்லைக்குள் எங்கே கடை வைத்திருந்தாலும் இந்த வரி உண்டு. கிளப்புகள் நிறைந்த தெரு எங்கேயோ இருக்க, அங்கே மண்டை உடைவதற்கு இங்கே பாலும் பாணும் பியரும் விற்கிற நானும் கட்ட வேண்டும். இரவு பொலிஸ்காரர் ஒருவரை எங்கள் தெருவில் பார்த்தது ஒரே ஒருமுறை. தண்ணீர்ப் போத்தல் வாங்க வந்தார். காசு கொடுத்துத்தான் வாங்கினார், அதையும் சொல்ல வேண்டும்.

உனக்கு உதைபந்தாட்டப் பைத்தியம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மைதானத்துக்கு வெளியே தெருவில் நின்ற பொலிசுக்கும் லீட்ஸ் யுனைடெட் கழகத்திடம் பணம் வாங்கியிருந்தார்கள். 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. பொதுத் தெருவில் ஒழுங்கைக் காப்பது பொலிசின் வழக்கமான கடமை என்பது தீர்ப்பு. ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கூட்டுகிற கழகத்துக்குத் தெரு இலவசம்; எனக்கு 768 பவுண்!

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். அவள் விபத்துப் பிரிவில் தாதியாக இருப்பது உனக்குத் தெரியும். "முகத்தில் கண்ணாடித் துண்டு எடுக்க வருகிறவர்கள் எந்தக் கடைப் போத்தல் என்று சொல்வதில்லை, அப்பா," என்றாள். வேறொன்றும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்தாள். எனக்கு அன்றைக்கு நண்டுக்கறி இறங்கவில்லை.

பணம் கொடுத்துப் பொலிசை நிறுத்துவதில் தப்பில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் எங்கே, எந்த நேரத்தில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் கண்டவரையில் சண்டை குடிக்கும்போது அல்ல, கலையும்போதுதான் மூளும். பஸ் வரவில்லை, டாக்ஸி வரிசையில் ஒருவன் இடையில் நுழைகிறான், கெபாப் கடையில் ஒருவன் மற்றவன் காலை மிதிக்கிறான். அந்த அரை மணித்தியாலத்துக்கு ஒழுங்காக நான்கு பஸ் விட்டால் பாதி அடிதடி நடக்காது. அந்தச் செலவை இந்த வரியிலிருந்து எடுத்தால் 768ஐ முணுமுணுக்காமல் கட்டியிருப்பேன்.

கட்டவில்லை. வரி தொடங்குமுன் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறவர்களுக்கு அனுமதி மாற்றக் கட்டணம் இல்லை என்றார்கள். நள்ளிரவோடு விற்பனையை நிறுத்திவிட்டேன். இப்போது பன்னிரண்டு ஐந்துக்கு ஷட்டரில் தட்டுகிறார்கள். நான் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, கணக்குக் கொப்பியோடு மூச்சுக் காட்டாமல் இருக்கிறேன்.

உங்கள் சட்டத்தை 2020இல் நகர மையத்திலும், அடுத்த வருடம் கிங்ஸ் குரோஸிலும் எடுத்துவிட்டார்கள் அல்லவா? நீ ஓட்டிய காலத்தில் மூன்று மணிக்கு எல்லோரையும் ஒன்றாக வெளியே விட்டபோது டாக்ஸி நிறுத்துமிடம் எப்படி இருந்தது? இப்போது எப்படி? பத்திரிகையில் படித்ததை எழுதாதே, கண்டதை எழுது.

மனைவி உன்னையும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உன் முழங்காலுக்குக் குளிர் ஆகாது, கவனம்.

என்றும் உன்,
பழைய வகுப்பறை வாங்குத் தோழன்