மால்மோ போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

டென்மார்க் குடியுரிமையுள்ள நம் பிள்ளைகள் பலர் இலங்கையில் திருமணம் செய்துகொண்டு, 2002இல் வந்த '24 வயது' விதியில், அதாவது துணைவரை அழைக்க இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற டென்மார்க் விதியில், முட்டி நிற்கிறார்கள். கோபன்ஹேகனிலிருந்து பாலத்தின் மறுகரையில், ஸ்வீடனின் மால்மோவில் குடியேறினால், ஒன்றியக் குடிமக்களும் குடும்பத்தாரும் வேறு உறுப்பு நாட்டில் வாழும் உரிமை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 நெறிமுறை பொருந்தும். அதில் அந்த வயது விதியும் இல்லை, டென்மார்க் கேட்கும் வங்கிப் பிணையும் இல்லை. அங்கே சேர்ந்து வாழ்ந்த பிறகு, துணைவரோடு டென்மார்க் திரும்பவும் அதே உரிமையைக் கேட்கலாம்.

ஆனால் அப்படித் திரும்ப 'மூன்று மாதம் வாடகை கட்டினால் போதும்' என்று சிலர் சொல்வது குடும்பத்தையே அலைக்கழிக்கும் அரைகுறைத் தகவல். 2014 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகவே சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், வாரஇறுதி வருகைகள் கணக்கில் வராது. ஆகவே இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், மாதாமாதம் மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். வேலை இல்லாதவர் போதிய வருவாயும் முழு மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும்.

துணைவர் ஸ்வீடனுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் அங்கே குடும்ப உறுப்பினர் வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்து, அதற்கான சான்றைக் கையோடு வாங்குங்கள். அட்டை ஆறு மாதத்துக்குள் கிடைக்க வேண்டும். திருமணப் பதிவிலும் கடவுச்சீட்டிலும் தகப்பன் பெயர் வேறு வேறு எழுத்தில் இருப்பதுதான் நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். கொழும்பிலேயே அதைத் திருத்திக்கொண்டு புறப்படுங்கள்.

டென்மார்க் திரும்பும்போது சேர்ந்தே திரும்புங்கள். ஒருவர் முன்னால் வந்து, மற்றவர் நெடுநாள் கழித்து விண்ணப்பித்தால் மறுக்க இடமுண்டு. 2018இல் டென்மார்க் வழக்கொன்றிலேயே அப்படித் தீர்ப்பு வந்தது.

இப்படிக்கு,
கோபன்ஹேகன் வாசகர்கள்