எத்தனை பெட்டி, என்ன விலை

மதுரை
12.10.2024

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத இன்றுதான் ஒழிந்தது. நேற்று ஆயுத பூஜை. கடையில் தராசுக்கும் கல்லாப் பெட்டிக்கும் பொட்டு வைத்த கையோடு என் லேப்டாப்புக்கும் கொஞ்சம் சந்தனம் வைத்தேன். "அது சம்பாதித்துக் கொடுத்ததைவிடத் தின்றதுதான் அதிகம்" என்றாள் வீட்டுக்காரி. ஒன்பது மணிக்குள் பூஜையை முடி என்று நான் பறந்ததற்குக் காரணமும் அவளுக்குத் தெரிந்துபோச்சு. நேற்று பங்குச் சந்தைக்கு லீவு இல்லை.

முட்டி வலி பரவாயில்லை. கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மகன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "பங்கு விலை, சார்ட்டில் வரும் விவாப் கோட்டுக்கு மேலே போனால் வாங்கணும், கீழே வந்தால் விற்கணும், அவ்வளவுதான் இன்ட்ராடே" என்று சொல்கிறான் என எழுதியிருந்தாய். இன்ட்ராடே என்றால் வாங்கியதை அன்றைக்கே விற்று முடிப்பது. மாப்பிள்ளை, அந்தக் கோடு என்ன என்பது ஒட்டன்சத்திரத்தில் முப்பது வருஷமாகக் கமிஷன் கடை வைத்திருக்கும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெயர்தான் தெரியாது.

சும்மா ஒரு கணக்கு. காலையில் முதல் 10 பெட்டி தக்காளி 600 ரூபாய்க்குப் போகிறது. அப்புறம் லோடு வந்து இறங்கி 200 பெட்டி 450-க்குப் போகிறது. கடைசியில் அவசரக்காரன் ஒருவன் 5 பெட்டியை 700-க்குத் தூக்கிக்கொண்டு போகிறான். இன்றைக்கு என்ன விலை? மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 583 வரும். அப்படிச் சொன்னால் நீயே சிரிப்பாய். 215 பெட்டிக்கும் கைமாறிய மொத்தப் பணம் 99,500. வகுத்துப் பார், பெட்டி 463 ரூபாய்கூட இல்லை. இதுதான் விவாப் (VWAP). விலையை மட்டும் பார்க்காமல், அந்த விலையில் எவ்வளவு சரக்கு கைமாறியது என்பதையும் சேர்த்துப் போட்ட சராசரி. காலை 9:15-க்குத் தொடங்கி 3:30 வரை கூட்டிக்கொண்டே போகும். மறுநாள் காலையில் பழைய கணக்கெல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து.

இதை யார் பார்க்கிறார்கள் என்பதையும் உன் கடை வாசலில் வைத்தே சொல்லிவிடலாம். பெரிய மெஸ்காரர் ஒருவர் ஆள் அனுப்பி 40 பெட்டி வாங்குகிறார் என்று வை. அந்த ஆள் 600-க்கு வாங்கி வந்தால் சாயந்திரம் திட்டு விழும். 455-க்கு வாங்கினால் கெட்டிக்காரன். மியூச்சுவல் ஃபண்டுக்காகவும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகவும் லட்சக்கணக்கில் பங்கு வாங்கும் ஆட்களுக்கும் இதே கதைதான். ஒரேயடியாக வாங்கினால் விலை எகிறிவிடும் என்று நாள் முழுக்கச் சிறுசிறு துண்டாக வாங்குவார்கள். கடைசியில் அன்றைய விவாபைவிடக் குறைவாக வாங்கினோமா, அதிகமாகவா என்று அவர்களுக்கு மார்க் போடுவார்கள். நாளைக்குத் தக்காளி ஏறுமா என்று மெஸ்காரரின் கணக்கு நோட்டு சொல்லாது இல்லையா? கோடும் சொல்லாது. வீடியோக்காரர்கள் இந்த இடத்தைத்தான் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நான் பட்ட அடியைச் சொல்கிறேன். போன ஆவணியில் ஒரு நாள், ஒரு பங்கு 318-க்கும் 320-க்கும் நடுவிலேயே கிடந்தது. கோடு நேராக, செத்த பாம்பு மாதிரி. விலை மேலே வந்ததும் வாங்கினேன், கீழே போனதும் விற்றேன், மறுபடி மேலே, மறுபடி கீழே. லட்ச ரூபாய்க்கு ஒரு தடவை என்று மதியத்துக்குள் பதினொரு தடவை. விலையில் போனது 640 ரூபாய். புரோக்கரேஜ், ஜிஎஸ்டி, விற்கும்போது பிடிக்கும் எஸ்டிடி வரி எல்லாம் சேர்த்துக் கட்டணமாகப் போனது கிட்டத்தட்ட 900. சந்தையிடம் தோற்றதைவிட வாசலில் சுங்கம் கட்டித் தோற்றதுதான் அதிகம்.

அன்றிலிருந்து கோடு சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். படுத்துக் கிடந்தால் தொடுவதில்லை. அப்புறம், துரத்துவதில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு பங்கு திறந்ததுமே துள்ளி 412-க்குப் போய்விட்டது, கோடு 405-ல் இருந்தது. பழைய நானாக இருந்தால் பாய்ந்திருப்பேன். காலையிலிருந்து வாங்கியவர்கள் சராசரியாக 405-க்கு வாங்கியிருக்கும்போது நான் மட்டும் ஏன் ஏழு ரூபாய் கூடக் கொடுக்கணும்? காபி குடித்தேன். பத்தரைக்கு 406-க்கு இறங்கியது, இறங்கும்போது வால்யூமும், அதாவது கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையும், வற்றியிருந்தது. வாங்கி, 402.50-ல் ஸ்டாப் லாஸ் போட்டேன். விலை அதுவரை இறங்கினால் நஷ்டத்தோடு தானாக விற்றுவிடும் ஏற்பாடு அது. 411-ல் வெளியே வந்தேன். இதே மாதிரி இறங்கி, கோட்டையும் உடைத்துக்கொண்டு போய் ஸ்டாப் லாஸ் அடித்த நாட்களும் நோட்டில் நிறைய உண்டு. இந்த ஒன்றை மட்டும் சொன்னால் நானும் வீடியோக்காரன் ஆகிவிடுவேன்.

மதியம் ரெண்டு மணிக்கு மேல் அந்தக் கோட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 215 பெட்டி விற்ற பிறகு ஒரு பெட்டியை 800-க்கு விற்றாலும் சராசரி ஒன்றரை ரூபாய்தான் நகரும். காலைச் சரக்கின் கனம் கோட்டை அசைய விடாது. உன் மகன் நிஃப்டி சார்ட்டில் இதைப் போட்டுப் பார்க்கிறான் என்றால் அதையும் நிறுத்தச் சொல். நிஃப்டி என்பது 50 பங்குகளின் விலையை வைத்துப் போடும் கணக்கு. அதை நேராக யாரும் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. சரக்கே இல்லாத இடத்தில் எடை போட என்ன இருக்கிறது? நிஃப்டி ஃபியூச்சர், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம், நிஜமாகவே கைமாறுகிறது. அதன் சார்ட்டில் பார்த்தால் ஓரளவு அர்த்தம் உண்டு.

முன்பு ஒரு தடவை கேட்டாயே, 3:30-க்குக் கடைசியாக நடந்த விலையும் மறுநாள் பேப்பரில் வரும் முடிவு விலையும் ஏன் வேறாக இருக்கிறது என்று. பேப்பரில் வருவது கடைசி அரை மணி நேரத்துக்கு இதே முறையில் போட்ட சராசரி.

மகனைத் திட்டாதே. ஆனால் ஒன்றைக் காட்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இந்த ஜூலையில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு நஷ்டம். ஃபியூச்சர், ஆப்ஷன் பக்கம் இன்னும் மோசம். போன மாதம் வந்த கணக்குப்படி, மூன்று வருஷத்தில் 93 சதவீதம் பேர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் நோட்டைக் கூட்டினால் நானும் இந்த வருஷம் அந்த ஏழு பேரில்தான் இருக்கிறேன், கொஞ்சம் ஓரமாக. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே.

தீபாவளிக்கு முந்தின வாரம் பழனிக்கு வருகிறோம். திரும்பும்போது உன் கடையில் இறங்குவேன். அவனை ஒரு மாதம் பணம் போடாமல், பேப்பரில் மட்டும் எழுதிப் பார்க்கச் சொல். வரும்போது அந்த நோட்டைப் பார்க்கிறேன். இங்கே மார்க்கெட்டில் தக்காளி விலை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். அங்கே எத்தனை பெட்டி என்ன விலைக்குப் போகிறது என்று சேர்த்து எழுது.

உன்
பாலு