தடிக்காரர்கள் ஐம்பது பேர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் கேட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

"எங்கள் சங்கத் தலைவருக்கு நாங்களே ஓட்டுப் போட்டுத்தான் அதிகாரம் கொடுத்தோம்" என்றாயே. பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸிலும் ஓட்டுப் போட்டுத்தான் கொடுத்தார்கள். கி.மு. 561 வாக்கில் பெய்சிஸ்ட்ராடஸ் என்ற அரசியல் தலைவன் தன்னையும் தன் கோவேறு கழுதைகளையும் தானே காயப்படுத்திக்கொண்டு, எதிரிகள் வெட்டவந்தார்கள் என்று சந்தைத் திடலுக்கு வண்டியை ஓட்டிவந்தான். ஊருக்குச் சட்டம் வகுத்துக் கொடுத்த சோலோன் எதிர்த்துப் பேசியும் சபை மெய்க்காவலர்களைக் கொடுத்தது. கையில் ஈட்டிகூடக் கிடையாது, தடிதான். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கணக்குப்படி 50 பேர். அப்புறம் அந்த 50-ஐ யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆள் பெருகிப் பெருகி, கடைசியில் அக்ரோபோலிஸ் கோட்டையே அவன் கைக்குப் போயிற்று.

கோட்டையைப் பிடித்ததும் சட்டத்தைக் கிழித்துப் போட்டான் என்று நினைக்காதே. சோலோன் சட்டங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பதவிகளில் எப்போதும் தங்கள் ஆள் ஒருவன் இருக்கும்படி மட்டும் அந்தக் குடும்பம் பார்த்துக்கொண்டது. நீ கவனிக்க வேண்டியது இந்த இடம்.

இருமுறை துரத்தப்பட்டு, கி.மு. 546-இல் வடக்கே சுரங்கங்கள் உள்ள பங்கையோன் மலைப்பக்கத்துப் பணத்தோடும் கூலிப்படையோடும் திரும்பினான். ஊர்க்காரர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த விதத்தை அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள நூல் சொல்கிறது: கூட்டம் கூட்டி, வேண்டுமென்றே தணிந்த குரலில் பேசினான். காதில் விழவில்லை என்றார்கள். கோட்டை வாசலுக்கு வரச் சொன்னான். அங்கே அவன் பேச்சை நீட்ட, இங்கே அவன் ஆட்கள் ஆயுதங்களை அள்ளிப் பூட்டினார்கள். அவரவர் வேலையைப் பாருங்கள், பொதுக்காரியம் என் பொறுப்பு என்று அனுப்பிவிட்டான்.

எங்கள் தலைவர் நல்லவர்தானே என்பாய். இவனும் நல்லவன்தான். ஏழை உழவர்களுக்குக் கடன் கொடுத்தான், ஊர் ஊராக நீதிபதிகளை அனுப்பினான். உழவர்கள் நகரத்துக்கு வந்து கூடவும் வேலை இல்லாமல் போயிற்று, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரியும் வந்து சேர்ந்தது.

527-இல் அவன் செத்தான். அதிகாரம் மகன் ஹிப்பியாஸிடம் அப்படியே போயிற்று. 514-இல் ஹிப்பியாஸின் சகோதரன் ஹிப்பார்க்கஸ் கொலையான பிறகு கொடுமை தாங்கவில்லை. 510-இல் இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் படை வந்துதான் அவர்களைத் துரத்த முடிந்தது.

கணக்கில் உன்னை மிஞ்ச நம் வீட்டில் ஆளில்லை. நீ போய் எண்ணாமல் கையெழுத்துப் போடலாமா? தலைவருக்குக் கொடுக்கும் அதிகாரம் எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேள். எழுதி வாங்கு. திரும்பவும் சொல்கிறேன், எண்ணிக்கையைக் கேள்.

சங்கத்துச் செக் புத்தகம் இப்போது யார் பீரோவில் இருக்கிறது? அதையாவது போனில் சொல்.

அம்மா